போட்டோவில் மலை சின்னது, மனசில் பெரியது: எதை வரைவது?

பிசானம்:
சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம், இருப்பது சென்னை. பிசானப் பருவ நெல் நடவு முடிந்த வயலும் பின்னால் பொதிகை மலையும் ஆயில் பெயின்ட்டில் வரைகிறேன். செல்போன் போட்டோவில் மலை வரப்பு உயரத்துக்குத்தான் தெரிகிறது. என் நினைவில் அது பாதி வானத்தை அடைத்து நிற்கும். நினைவுப்படி வரைந்தால் தப்பா? இன்னொன்று, சாப் கிரீன் என்ற பச்சை பெயின்ட்டைப் போட்டால் வயல் பிளாஸ்டிக் பாய் மாதிரி இருக்கிறது.

பழைய பிரஷ்:
தப்பே இல்லை தம்பி. போனில் இருப்பது வைட் லென்ஸ், தூரத்து மலையைச் சிறிதாக்கிவிடும். தைரியமாக உயர்த்துங்கள்.

பச்சை டியூப்பை மூடி வையுங்கள். புதுசாக நட்ட வயலில் பச்சையைவிடத் தண்ணீர்தான் அதிகம், அந்தத் தண்ணீரில் வானம். முதலில் வயல் முழுக்க வானத்தின் சாம்பல் நிறத்தைத் தடவுங்கள். அது காய்ந்ததும் அல்ட்ராமரைன் நீலம், லெமன் யெல்லோ, துளி பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு கலந்து, பிரஷ் நுனியால் நாற்றை முடி முடியாகக் கீறிவிடுங்கள். பக்கத்தில் இடைவெளி தெரியணும், தூரம் போகப் போக ஒன்றாகிவிடணும். மலைக்குப் பச்சையே வேண்டாம். நீலத்தில் வெள்ளையும் கொஞ்சம் சிவப்பும் போதும். மழை விட்ட காலையில் உச்சியைவிட அடிவாரம்தான் வெளுத்திருக்கும், ஞாபகம் இருக்கா?

வானம்பார்த்தான்:
அண்ணன் சொன்னதோடு ஒன்று. அடுத்த தடவை ஊருக்குப் போனால் போட்டோவோடு பென்சில் குறிப்பும் எடுங்கள். ஜான் கான்ஸ்டபிள் என்ற ஆங்கில ஓவியர் 1821, 1822இல் லண்டன் ஹாம்ஸ்டெட்டில் மேகங்களை ஆயிலில் வரைந்து, பல படங்களின் பின்னால் தேதி, நேரம், காற்றடித்த திசை எல்லாம் எழுதி வைத்தார். பிறகு நினைத்துப் பார்க்க அந்த நாலு வார்த்தை பெரிய உதவி.

பிசானம்:
நன்றி அண்ணே. ஆனால் சாம்பல் காய்வதற்குள் பச்சை போட்டால் சேறாகிவிடுகிறதே? இங்கே வேறு மழை.

பழைய பிரஷ்:
ஆயில் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. அடி அடுக்கை டர்ப்பன்டைன் கலந்து மெல்லிசாகப் போடுங்கள், லின்சீட் ஆயில் (ஆளி விதை எண்ணெய்) மேல் அடுக்குக்கு மட்டும். விரல் வைத்தால் ஒட்டாத வரை பொறுக்கத்தான் வேண்டும். இருட்டு அறையில் வைத்தால் எண்ணெய் மஞ்சளாகும், வெளிச்சத்தில் வையுங்கள்.

அப்புறம், லின்சீட் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டுவிடாதீர்கள். சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். விரித்து வெளியே காயப்போடுங்கள்.