பாட்டி வீட்டுக் குலுக்கையில் மறுபடியும் நெல் போடலாமா?

கேட்டவர்: வயலோரம்

கடையநல்லூர் பக்கம் எங்கள் பாட்டி வீட்டில் நெல் சேமித்துவைக்கும் ஒரு மண் குலுக்கை இருக்கிறது. என் நெஞ்சளவு உயரம். அடியில் கை நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை, அதில் பழைய சேலைத் துணியைச் சுருட்டி அடைத்திருக்கிறது. பாட்டி போன பிறகு பத்து வருடமாகச் சும்மா கிடக்கிறது. போன வாரம் தூசி போகட்டும் என்று ஈரத்துணியால் துடைத்தேன். துணியோடு மண்ணும் கரைந்து வந்தது, பயந்து நிறுத்திவிட்டேன். நடுவில் ஒரு விரிசலும் இருக்கிறது. இந்த வருடம் எங்கள் நெல்லில் மூன்று மூட்டையாவது இதில் போட ஆசை. முடியுமா?

செம்மண்

தாராளமாக முடியும் தம்பி. ஆனால் இனி ஈரத்துணி வேண்டாம். அது சூளையில் சுட்டதல்ல. களிமண்ணில் வைக்கோலைப் போட்டு மிதித்துக் காயவைத்த பச்சை மண். எங்கள் அம்மா குலுக்கை போடும்போது கூடமாட நின்றவன் நான். ஒரு நாளைக்கு ஒரு சாண் உயரத்துக்குமேல் ஏற்றமாட்டார். முதல் நாள் போட்டது இறுகாமல் மேலே ஏற்றினால் அடிப்பக்கம் தொப்பை தள்ளிச் சரிந்துவிடும். களிமண் காயும்போது சுருங்கும். வைக்கோல்தான் அதை இழுத்துப் பிடித்து வெடிப்பு ஓடாமல் காக்கிறது.

விரிசலுக்கும் அதே மருந்துதான். களிமண்ணை ஒரு நாள் ஊறவைத்து, பொடியாக நறுக்கிய வைக்கோலும் கொஞ்சம் சாணமும் சேர்த்துப் பிசையுங்கள். விரிசலின் ஓரத்தை மட்டும் விரலால் நனைத்து, மண்ணை அழுத்தி உள்ளே திணியுங்கள். மேலே பூசினால் மட்டும் நிற்காது, உதிர்ந்துவிடும். நிழலிலேயே காயட்டும், அவசரம் வேண்டாம்.

நெல்லைக் கடித்துப் பாருங்கள். 'டக்'கென்று உடைய வேண்டும், நசுங்கினால் இன்னும் வெயில் தேவை. ஈரப்பதம் 14 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்று இப்போது சொல்வதை அம்மா பல்லாலேயே பார்த்துவிடுவார். காய்ந்த நொச்சி இலையும் வேப்பிலையும் இடையிடையே போடுங்கள். அப்புறம் மேல்மூடியைச் சுற்றி மண் பூசி அடைத்துவிடுங்கள்.

ஏட்டுக்காரி

பெரும்பாணாற்றுப்படையில் 'குமரி மூத்த கூடு' என்று வருவது நெற்கூடுதான். ஏணி எட்டாத உயரம், முகட்டைத் திறந்து மேலிருந்து நிரப்புவார்கள் என்று அந்த வரிகள் சொல்கின்றன. மேலே கொட்டி அடியில் எடுப்பதால் பழைய நெல் முதலில் செலவாகும், அதற்காகத்தானே கீழே ஓட்டை?

செம்மண்

அம்மா, நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். ஒரு தடவை மேல்மூடியைத் திறந்துவைத்துவிட்டுக் கீழே துணியை உருவினேன். சுவரோரத்து நெல் அசையவே இல்லை. நடுவில் குழி விழுந்து, மேலே கிடந்த நெல்தான் அந்தக் குழிக்குள் சரிந்து இறங்கியது. தட்டையான அடி உள்ள எந்தக் கூட்டிலும் அப்படித்தான். அதனால் அடியில் மிச்சம் இருக்கும்போது புது நெல்லைக் கொட்டினால் பழையது ஓரத்திலேயே தங்கிப் பூச்சி பிடிக்கும். முழுக்க வழித்தெடுத்து, உள்ளே வேப்பிலைப் புகை போட்ட பிறகுதான் எங்கள் வீட்டில் மறுபடி நிரப்புவோம்.

ஓட்டையால் கிடைக்கும் பெரிய நன்மை வேறு. அன்றாடம் எடுப்பதற்காக மேல்மூடியைத் திறக்க வேண்டியதில்லை. பூசிய மண் பூசியபடியே இருக்கும். மழைக்காலத்து ஈரக்காற்றும் எலியும் உள்ளே போகாது. நெல் அளக்கும் மரக்காலை அடியில் வைத்து, துணியை உருவி, வேண்டியதைப் பிடித்துக்கொண்டு மறுபடி அடைத்தால் வேலை முடிந்தது.

வயலோரம்

ரொம்ப நன்றி ஐயா. இதைத் தரையில் அப்படியே வைத்திருக்கிறோம், அது பரவாயில்லையா?

செம்மண்

கூடாது. தரை ஈரம் ஏறினால் அடிமண் இளகிவிடும். பாட்டி வீட்டில் கொல்லைப்பக்கம் தேடிப் பாருங்கள். ஒரே உயரத்தில் மூன்று நான்கு கல் கிடந்தால் அவை இதன் கால்களாகத்தான் இருக்கும். விரிசல் காய்ந்த பிறகு, காலியாக இருக்கும்போதே நாலு பேர் சேர்ந்து அடியைத் தாங்கித் தூக்கி வையுங்கள். விளிம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள், கையோடு பெயர்ந்து வந்துவிடும்.