பயோடீசல் ஊற்றினாலே ஃபில்டர் அடைக்குது: கோளாறு எண்ணெயிலா, டேங்கிலா?

கேள்வி:
பழைய இன்லைன் பம்ப் டீசல் ஜெனரேட்டர். பொரித்து மீந்த எண்ணெயில் செய்த பயோடீசலை டீசலோடு பாதிக்குப் பாதி கலந்து ஓட்டுகிறேன். 20 மணி நேரத்துக்குள் ஃபில்டர் அடைத்துவிடுகிறது. லோடு ஏற்றினால் திணறல். புது ஃபில்டர் போட்டால் சரியாகி, மறுபடி அதே கதை. லிட்டருக்கு 200 மில்லி மெத்தனால், 5 கிராம் காஸ்டிக் சோடா, 55 டிகிரி சூடு, ஒரு மணி நேரம் கலக்கல். ராத்திரி முழுக்கத் தெளியவிட்டு, அடியில் நிற்கும் கிளிசரினை இறக்கிவிட்டு அப்படியே பயன்படுத்துகிறேன். தண்ணீரில் கழுவுவதில்லை. எங்கே தப்பு?

பதில் 1:
அடைத்த ஃபில்டரைத் தூக்கிப் போடாதீங்க, வெட்டி உள்ளே பாருங்க. கறுப்பாக மண்டி மாதிரி இருந்தால் அது டேங்கின் பழைய அழுக்கு. பயோடீசல் நல்ல கரைப்பான், வருஷக்கணக்கில் ஒட்டிக் கிடந்ததை எல்லாம் பெயர்த்துக் கொண்டுவரும். இரண்டு மூன்று ஃபில்டரோடு தானாக நின்றுவிடும். வெளுத்து, சூடு பட்டதும் உருகினால் குளிரில் உறைந்த கொழுப்பு. பாமாயிலிலிருந்து செய்தது 15 டிகிரி வாக்கிலேயே மங்க ஆரம்பிக்கும். கொழகொழவென்று விரலில் வழுக்கி, வெந்நீரில் கரைந்தால் சோப்பு. கழுவுவதில்லை என்று நீங்களே சொல்வதால் என் சந்தேகம் சோப்பு மேல்தான்.

ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பாதி பயோடீசல், பாதி தண்ணீர் விட்டு 10 நொடி பலமாகக் குலுக்குங்க. அரை மணியில் கோடு போட்ட மாதிரி பிரியணும். நடுவே தயிர் மாதிரி ஒரு படலம் நின்றால் அதை இஞ்சினில் ஊற்றாதீங்க.

பதில் 2:
எல்லா எண்ணெய்க்கும் 5 கிராம் என்பதே தப்பு. எத்தனை முறை பொரித்தது என்பதைப் பொறுத்து அமிலம் மாறும். டைட்ரேஷன் (எண்ணெயில் எவ்வளவு அமிலம் என்று அளக்கும் சோதனை) செய்யாமல் சோடா போடுவது குருட்டாம்போக்கு.

1 லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் 1 கிராம் காஸ்டிக் சோடா. 10 மில்லி ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் 1 மில்லி எண்ணெய், இரண்டு சொட்டு ஃபினால்ஃப்தலீன் (காரம் மிஞ்சினால் இளஞ்சிவப்பாகும் நிறங்காட்டி). சோடாத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, இளஞ்சிவப்பு 15 நொடி நிற்கும்போது எத்தனை மில்லி என்று பாருங்க. 2.5 மில்லி என்றால் 3.5 + 2.5, லிட்டருக்கு 6 கிராம். (3.5 என்பது புது எண்ணெய்க்கே வேண்டிய அளவு.) குறைந்தால் ரியாக்‌ஷன் முடியாது, கூடினால் சோப்பு. எண்ணெயில் ஈரம் இருந்தாலும் சோப்புதான், அதனால் முதலில் 110 டிகிரிக்குச் சூடேற்றி, சடசடப்பு அடங்கும்வரை வைத்து, ஆறவிட்ட பிறகே மெத்தனால்.

ரியாக்‌ஷன் முடிந்ததா என்று பார்க்க: 27 மில்லி மெத்தனாலில் 3 மில்லி பயோடீசல் விட்டுக் குலுக்குங்க. அடியில் எண்ணெய்த் துளி தேங்கினால் முடியவில்லை.

கேள்வி கேட்டவர்:
வெட்டிப் பார்த்தேன். வழவழப்பு, வெந்நீரில் கரைகிறது. டீசலோடு கலக்காத பயோடீசல் இன்னும் 40 லிட்டர் இருக்கிறது, அதை என்ன செய்வது?

பதில் 3:
முதலில் பதில் 2-ல் சொன்ன 3/27 சோதனை (3 மில்லி பயோடீசல், 27 மில்லி மெத்தனால்). தேறவில்லை என்றால் கழுவாதீங்க, மறுபடி ரியாக்‌ஷனுக்கு விடுங்க. பாதி வெந்ததைக் கழுவினால் மயோனைஸ்தான் கிடைக்கும்.

தேறினால், முதல் கழுவலில் கலக்கவே கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரைத் தூறல் மாதிரி மேலே தெளித்து இறங்கவிட்டு, பால் நிறத்தில் வருவதை அடியில் வடிங்க. அடுத்தடுத்த கழுவலில் மெல்லக் கலக்கலாம். வடியும் தண்ணீர் தெளிந்ததும், அகலமான பாத்திரத்தில் மிதமாகச் சூடேற்றி உலர்த்துங்க. கண்ணாடி ஜாடிக்குப் பின்னால் வைத்த செய்தித்தாள் எழுத்து படிக்கத் தெரியணும். மங்கல் இருந்தால் தண்ணீர் இருக்கு. உலர்த்தும்போது மிச்ச மெத்தனால் ஆவியாகும், திறந்த வெளியில் செய்யுங்க. பகலில் அது எரிந்தால் ஜுவாலையே கண்ணுக்குத் தெரியாது.

ஏற்கெனவே டேங்கில் கலந்ததை இறக்கி, இரண்டு நாள் நிற்கவிட்டு அடிமண்டியை நீக்குங்க. டேங்க் கால்வனைஸ் தகடா, குழாயில் பித்தளை, செம்பு இருக்கா என்றும் பாருங்க, இவை பயோடீசலைச் சீக்கிரம் கெடுக்கும். பழைய ரப்பர் ஹோஸ் ஊறி இளகினால் காற்று இழுக்கும். அந்தத் திணறலும் ஃபில்டர் அடைப்பு மாதிரியேதான் இருக்கும். வைட்டான் (பயோடீசலைத் தாங்கும் ரப்பர்) ஹோஸ் மாற்றிவிட்டு அடுத்த ஃபில்டரைப் போடுங்க.