விக்கல் வரவழைக்கும் தசைக்கு என்ன பெயர் இடலாம்?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

டொராண்டோவில் நடக்கும் ஞாயிறு தமிழ் வகுப்புக்காக, உடலைப் பற்றிப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுக்கு விடை கூறும் கையேடு ஒன்றை எழுதி வருகிறேன். வெள்ளிக்கிழமை அது அச்சுக்குப் போக வேண்டும். நெஞ்சறையையும் வயிற்றறையையும் பிரித்துக் குவிந்து நிற்கும் தசை திடீரெனச் சுருங்க, உள்ளே பாயும் காற்றைக் குரல்வளை வாய் சட்டென மூடித் தடுப்பதால் எழும் ஒலியே விக்கல் என்று எழுதிவிட்டேன். அந்தத் தசையின் பெயரில் வந்து நிற்கிறேன். தமிழ்நாட்டுப் பாடநூலில் உதரவிதானம், இலங்கைப் பாடநூலில் பிரிமென்றகடு. முதற்சொல்லைப் பிள்ளைகள் 'உதிரவிதானம்' என்று வாசித்துக் குருதியோடு சேர்த்துவிடுகிறார்கள். இருசாராருக்கும் பொதுவான சொல் ஒன்று கிடைக்குமா?

— வகுப்பு ஆசிரியை

அம்மா, உதரவிதானத்தை விட்டுவிடாதீர்கள். உதரம் வடசொல் என்று ஒதுக்கினால், ஒரே உதரத்தில் பிறந்தவன் என்று பொருள்படும் சகோதரனையும் ஒதுக்க வேண்டியிருக்கும். விதானமோ சிலப்பதிகாரத்தில் கண்ணகியின் மணப்பந்தலிலேயே 'நீல விதானத்து' என்று விரிக்கப்பட்டுவிட்டது. வயிற்றுக்கு மேல் கட்டிய மேற்கட்டி என்ற உருவகம் எவ்வளவு பொருத்தம்!

— சென்னை மொழிபெயர்ப்பாளர்

ஐயா, யாழ்ப்பாணத்தில் விதானம் என்றால் பழைய தலைமுறைக்கு ஊர்த் தலைமை அலுவலரான விதானையார்தான் நினைவுக்கு வருவார். பிரி, மென், தகடு என்று பிரித்துக் காட்டினால் எந்த மாணவருக்கும் பொருள் விளங்கும். னகரமும் தகரமும் புணர்ந்து 'ன்ற' ஆவதையும் அதே மூச்சில் படிப்பித்துவிடலாம். தகடு என்றவுடன் தகரத் தகடு போல விறைப்பாக எண்ணத் தோன்றுகிறது என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

— ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்

இரண்டும் வேண்டாம். 'மூச்சுக்கவிகை' என்று வைப்போம். 'கவிகைக்கீழ்த் தங்கும் உலகு' என்று வள்ளுவர் சொன்ன குடைதான் இது. கவிதல் என்ற வினையே இத்தசையின் வடிவத்தைக் காட்டுகிறது. விக்கலையும் 'விக்குள்' என்றே எழுதலாம். 335ஆம் குறளில் அது இருக்கிறது.

— தனித்தமிழ் ஆர்வலர்

மருத்துவன் என்ற முறையில் ஒரு சொல். குடை நிமிர்ந்தால் நிமிர்ந்தபடியே நிற்கும். இத்தசையோ மூச்சை இழுக்கும் ஒவ்வொரு முறையும் சுருங்கித் தட்டையாகிக் கீழிறங்குகிறது. அதன் அடியில் ஈரல் இருப்பதால் வலப்பக்கம் சற்று உயர்ந்திருக்கும். பெருந்தமனியும் கீழ்ப்பெருஞ்சிரையும் உணவுக்குழாயும் அதனூடே வழி வைத்திருக்கின்றன. விதானம் என்பதும் கீழிருந்து பார்ப்பவருக்குத்தான். நுரையீரலுக்கு அது தரை. இதை இயக்கும் நரம்பு கழுத்தின் 3, 4, 5ஆம் நரம்பு வேர்களிலிருந்து வருகிறது. கருவில் இத்தசை கழுத்துப் பக்கம் தோன்றிக் கீழிறங்கியதன் அடையாளம் அது. ஆகவே வடிவத்தை விட்டுச் செயலைப் பிடித்து, 'மூச்சுத்தசை' என்று சொன்னால் என்ன?

— மதுரை மருத்துவர்

மருத்துவர் ஐயா, விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகளும் மூச்சுக்கு உதவுகின்றனவே! அவற்றுக்கு என்ன பெயர் வைப்பது? 'மூச்சுத்தசை' என்பது விளக்கமாகலாமே தவிரப் பெயராகாது.

— ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்

அனைவருக்கும் நன்றி. கவிகையை வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். நான்கு பிள்ளைகள் கவிதை என்றே எழுதினார்கள். குழுவில் பெரும்பாலோர், ஓரளவு சலிப்போடுதான், பழஞ்சொற்களையே வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். எனவே 'உதரவிதானம் அல்லது பிரிமென்றகடு, அதாவது மூச்சை இழுக்கும் முதன்மைத் தசை' என்று அச்சுக்குக் கொடுக்கிறேன். விக்கல் விக்கலாகவே இருக்கும்.

— வகுப்பு ஆசிரியை

ஒரே தசைக்கு இத்தனை சொற்கள் அச்சேற இடமிருக்கும்போது, கவிகைக்கு ஓர் அடிக்குறிப்புமா கிடையாது?

— தனித்தமிழ் ஆர்வலர்