கோனனை வரைந்தது ஒருவரா, இரண்டு பேரா?

மைக்கூடு:

வணக்கம். போன மாதம் பழைய புத்தகக் கடையில் 'சேவேஜ் சோர்ட் ஆஃப் கோனன்' முதல் தொகுதி கிடைத்தது. கோனன் என்ற வாள்வீரனின் பழைய காமிக்ஸ் பத்திரிகை இதழ்களை டார்க் ஹார்ஸ் பதிப்பகம் சேர்த்துப் போட்ட மறுபதிப்பு. தலையணை கனம், முழுக்கக் கறுப்பு வெள்ளை. ஓவியம் ஜான் பியூசெமா என்று போட்டிருக்கிறது. ஆனால் 1974இல் வந்த முதல் இதழின் கதையில் கோனன் ஒரு மாதிரி இருக்கிறான், இரண்டாம் இதழின் 'பிளாக் கொலோசஸ்' கதையில் வேறு ஆள் மாதிரி இருக்கிறான். இரண்டாவதில் ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு கவசமும் பழைய ரூபாய் நோட்டில் செதுக்கின மாதிரி கோடு கோடாக நிற்கிறது. ஒரே ஓவியர் ஒரே வருஷத்தில் இப்படி மாற முடியுமா? நான் யாரைப் பாராட்டுவது?

தெருமுனை:

பேருக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டாவது பேரையும் படியுங்கள் சார். பென்சிலில் வரைந்தது பியூசெமா. அதன் மேல் மை போட்டு முடித்தது முதல் கதைக்கு பாப்லோ மார்கோஸ், இரண்டாவதற்கு அல்ஃப்ரெடோ அல்காலா. மை போடுவது என்றால் மேலே டிரேஸ் எடுப்பதுதானே, அதில் என்ன பெரிய வித்தியாசம் வந்துவிடப் போகிறது என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தவன்தான்.

பிளாக்கடை:

தம்பி, இந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன். கொஞ்சம் நீளமாகத்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்.

பதினேழு வயதில் படங்களை அச்சடிக்கப் பிளாக் செய்யும் கடையில் வேலைக்குச் சேர்ந்தவன் நான். துத்தநாகத் தகட்டில் ஓவியத்தை ஏற்றி ஆசிட்டில் அரிப்போம். எங்கள் முதலாளி ஓவியத்தைக் கையில் வாங்கியதும் அழகைப் பார்க்க மாட்டார், கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் இருக்கும் வெள்ளையைத்தான் பார்ப்பார். நெருக்கிப் போட்ட கோடு நியூஸ்பிரிண்டில் மை அடைத்து அப்பிக்கொள்ளும். முகத்தில் போட்ட நிழல் கரி பூசின மாதிரி வந்து நிற்கும். அதனால் எந்தப் படத்தைப் பார்த்தாலும் என் கண் முதலில் போவது அந்த இடைவெளிக்குத்தான். 'பிளாக் கொலோசஸ்' தொடக்கத்தில் ஷெவாட்டஸ் என்ற திருடன் பாழடைந்த குத்கெமெஸ் நகரத்துக்குள் நுழைகிறானே, அந்தப் பக்கங்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார். அத்தனை கோடு இருந்தும் மூச்சு விட இடம் இருக்கிறது. மலிவுத் தாளில் தன் கோடு என்ன ஆகும் என்று தெரிந்த கை அது. அல்காலா அமெரிக்காவுக்கு வேலை செய்வதற்கு முன்பே பிலிப்பைன்ஸில் மலிவுத் தாளில் அச்சான காமிக்ஸில் இருபது வருஷத்துக்கு மேல் வரைந்தவர். 1963இல் வோல்டார் என்று ஒரு வாள்வீரனைத் தானே எழுதி வரைந்தார். அமெரிக்காவில் மார்வெல் கம்பெனி கோனனைக் காமிக்ஸாகப் போட்டது 1970இல்தான், அதையும் கணக்கில் வைத்துக்கொள்.

ஆள் பிறந்தது 1925, நெக்ரோஸ் தீவில் தாலிசாய். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு போர்டு எழுதியிருக்கிறார். இரும்புப் பட்டறையில் விளக்கு, நாற்காலி, ஒரு தேவாலயத்தின் பிரசங்க மேடை வரைக்கும் வடிவம் போட்டுக் கொடுத்திருக்கிறார். போர்க்காலத்தில் ஜப்பான்காரர்களின் அரண்களைச் சைக்கிளில் சுற்றி வந்து, வீட்டுக்குப் போய் ஞாபகத்திலிருந்து வரைந்து அமெரிக்கர்களுக்குக் கொடுத்தாராம். இதைப் படித்த பிறகுதான் எனக்கு அந்தக் கவசங்கள் பிடிபட்டன. ஆணி எங்கே அடிப்பான், தகடு எங்கே மடங்கும் என்று பட்டறையில் நின்றவனுக்குத் தெரியும். இது என் ஊகம்தான், ஆனால் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பியூசெமா தருவது எலும்பு. உடம்பு எங்கே சாய்கிறது, எடை எந்தக் காலில் நிற்கிறது எல்லாம் அவர்தான். அல்காலாவுக்குப் பல கதைகளில் முழுப் பென்சில் கூடப் போகவில்லை, பிரேக்டவுன், அதாவது உருவங்களின் வெறும் வெளிக்கோடு, மட்டும்தான் போனது. தோல், கல், துணி, புகை, வானம் எல்லாம் அவர் கொடுத்தது.

24ஆம் இதழில் 'டவர் ஆஃப் தி எலிஃபண்ட்' இருக்கிறது. அதே கதையை 1971இல் பாரி ஸ்மித் வண்ணத்தில் வரைந்தார், அதுவும் நல்ல வேலை. கோபுரத்துக்குள் திருடப் போன கோனன் யானைத்தலை கொண்ட ஒரு உருவத்தைப் பார்த்துச் சிலை என்று நினைக்கிறான். அது உயிரோடிருக்கும், கண் தெரியாத, சித்திரவதையில் கைகால் முறிந்த ஒரு ஜீவன். தும்பிக்கையால் அவன் முகத்தைத் தடவிப் பார்க்கிறது. பிள்ளையாரைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்த இடம் வேறு மாதிரி உறைக்கும். அல்காலாவின் கோட்டில் அந்தத் தோலுக்கு வயது இருக்கிறது. அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை.

கொடுக்காப்புளி:

அண்ணன் சொல்வதை மதிக்கிறேன், ஆனால் ஒரு சேதியை விட்டுவிட்டார். பியூசெமாவுக்கே அல்காலாவின் மை பிடிக்காது. தன் பென்சிலை அமுக்கிவிடுகிறார் என்று பேட்டிகளில் குறைப்பட்டிருக்கிறார். எனக்கும் அப்படித்தான் படுகிறது. போர்க் காட்சியில் குதிரை பாயணும், அங்கே குதிரை சிற்பமாக நிற்கிறது. பியூசெமாவின் ஓட்டம் தெரிய வேண்டுமானால் வண்ணத்தில் தனியாக வந்த 'கோனன் தி பார்பேரியன்' காமிக்ஸை 25ஆம் இதழிலிருந்து பாருங்கள், 1973. உண்மையில் அதன் முதல் இதழிலிருந்தே அவர்தான் வரைந்திருக்க வேண்டும். அவருடைய பக்கக் கூலி கட்டுப்படியாகாது என்று இளைஞரான ஸ்மித்திடம் கொடுத்தார்கள். எர்னி சான் மை போட்ட பக்கங்களில் அந்தத் தோள் திரும்புவதைப் பாருங்கள். (அவரும் பிலிப்பைன்ஸ்காரர்தான், அண்ணன் சந்தோஷப்படலாம்.)

பிளாக்கடை:

பிடிக்காது என்றது நிஜம். குதிரை விஷயத்தில் பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சூனியக்காரன் கதைக்கு ஓட்டம் எதற்கு? இருட்டு வேணும், புழுக்கம் வேணும். வண்ண இதழில் அந்த மெல்லிய கோட்டைப் போட்டால் மேலே பூசும் நிறம் தின்றுவிடும். கறுப்பு வெள்ளைப் பத்திரிகை என்பதால்தான் அல்காலாவுக்கு இடம் கிடைத்தது. 'பீப்பிள் ஆஃப் தி பிளாக் சர்க்கிள்' 16இலிருந்து 19 வரை நாலு இதழ் ஓடியது. படித்துவிட்டு வந்து என்னோடு சண்டை போடுங்கள்.

மைக்கூடு:

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டேன். தூரத்தில் இருட்டாகத் தெரிந்த சுவர் கிட்டத்தில் பார்த்தால் பாதிக்கு மேல் வெள்ளை! ராத்திரி ஒரு மணி வரை கோடு எண்ணிக்கொண்டிருந்தேன், அம்மா விளக்கை அணைத்துவிட்டார்கள். 24ஆம் இதழ் விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. அண்ணன் இரவல் தருவீர்களா?

பிளாக்கடை:

இரவல் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்து படித்துவிட்டுப் போ. கையைக் கழுவிவிட்டு வா.