பொம்மையைக் கவ்விக்கிட்டு உறுமுது கடுகு: கோபமா, விளையாட்டா?

கடுகு வீட்டுக்காரி:
பெரம்பூர்ல இருக்கோம். மூணு வாரம் முன்னாடி ஒரு மழை ராத்திரி, தெருவுல நின்ன ஆட்டோவுக்கு அடியில கத்திக்கிட்டு இருந்த பூனைக்குட்டிதான் கடுகு. இப்போ பத்து வாரம் இருக்கும்னு டாக்டர் பல்லைப் பார்த்துச் சொன்னார். மடியில தூங்கும், காலைச் சுத்தி வரும். ஆனா குச்சியில கட்டின இறகைப் பிடிச்சுட்டா வேற பூனை ஆயிடுது. காதைப் பின்னாடி மடிச்சு, தொண்டைக்குள்ளேர்ந்து உர்ருனு ஒரு சத்தம். கவ்விக்கிட்டே கட்டிலுக்கு அடியில போயிடும். நேத்து அத்தை பிடுங்கப் போனாங்க, விரல்ல பல் பதிஞ்சு ரத்தம். சோப்பு போட்டுக் கழுவி, ஊசியும் போட்டாச்சு. "திரும்பத் தெருவுலயே விட்டுடு"ன்னு வீட்டுல பேச்சு. அஞ்சு வயசுப் பையன் வேற இருக்கான். எனக்கு விட மனசில்லை. என்ன பண்ணலாம்?

வடபழனிவாசி:
சின்னப் பையன் இருக்கிற வீடு, அதனால நேராவே சொல்றேன். உறுமினா அது எச்சரிக்கை. கடிச்சாச்சுன்னா எச்சரிக்கையும் தாண்டியாச்சு. இப்பவே கண்டிங்க. பிடரியைப் பிடிச்சு, மூக்குல லேசா ஒரு தட்டு, இல்லைன்னா முகத்துல தண்ணி ஸ்பிரே. எங்க வீட்டுப் பூனை அப்படி வளர்ந்ததுதான். இன்னைக்கு வரைக்கும் யாரையும் கடிச்சதில்லை.

மீன்தலை அக்கா:
கடுகம்மா, தயவுசெஞ்சு அடிக்காதீங்க. அது உங்க மேல கோபப்படலை. அதுக்கு அந்த இறகு பொம்மை இல்லை, பிடிச்ச இரை.

தாய்ப்பூனை முதல்ல செத்த எலியைக் கொண்டுவந்து போடும், அப்புறம் பாதி உயிரோட இருக்கிறதை. முதல்ல கவ்வுற குட்டி, கூடப் பிறந்ததுங்க பிடுங்கிடாம இருக்க உறுமும், மூலைக்கு இழுத்துட்டுப் போகும். காசிமேடு பக்கம் மீன் தலைக்குக் குட்டிங்க அடிச்சுக்கிறதைப் பார்த்தவங்களுக்கு இந்தச் சத்தம் நல்லாத் தெரியும். உங்க கடுகு தெருவுல பசியோட கிடந்த குட்டி. நிஜ இறகு, ரோமம் வெச்ச பொம்மைன்னா இந்தக் குணம் இன்னும் கூடும். ஏழெட்டு வாரத்துக்கு மேல பொருளோட விளையாடுறதும் வேகமா ஏறுற வயசு.

நிஜமான பயம் வேற மாதிரி இருக்கும்: வால் புஸ்ஸுனு உப்பும், முதுகு வளையும், சீறும். வாயில ஒண்ணும் இல்லாதப்போ கடுகு அப்படிச் செய்யுதா? இல்லைன்னா பயப்பட வேண்டாம்.

செய்ய வேண்டியது இதுதான். வாயில இருக்கிறதைக் கையால பிடுங்கவே கூடாது. நீளக் குச்சியா வாங்குங்க, கைக்கும் பல்லுக்கும் தூரம் இருக்கணும். அஞ்சு பத்து நிமிஷம் ஓட விட்டு, நடுநடுவே பிடிக்க விடுங்க. கடைசியில இறகை மெதுவா அசைச்சு, களைச்ச எலி மாதிரி நிறுத்திட்டு, ரெண்டடி தள்ளி வேகவெச்ச கோழித் துணுக்கு வைங்க. அதுவே பொம்மையைப் போட்டுட்டுச் சாப்பிட வரும். வேட்டை, சாப்பாடு, நக்கிச் சுத்தம் பண்றது, தூக்கம் – பூனையோட ஒழுங்கு அதுதான். குச்சியை உடனே பீரோவுல பூட்டுங்க. கயிறை முழுங்கினா குடல்ல சிக்கி ஆபரேஷன் வரைக்கும் போகும்.

வடபழனிவாசி:
அக்கா, உறுமினா கோழி கிடைக்கும்னு அது கத்துக்காதா? நாளைக்குப் பையனோட சாக்ஸைக் கவ்வி உறுமும், அதுக்கும் கோழியா? கடிபட்டது மனுஷ விரல். அதைச் சாதாரணமா எடுத்துக்க என்னால முடியாது.

மீன்தலை அக்கா:
நியாயமான கேள்வி. அதனாலதான் உறுமத் தொடங்குறதுக்கு முன்னாடியே துணுக்கு வைக்கணும். உறுமிட்டா பக்கத்துல போகாம, அதுவா விடுற வரைக்கும் காத்திருக்கணும். கடியையும் நான் சாதாரணமா எடுத்துக்கலை. அத்தைக்குப் போட வேண்டிய ஊசி ஒண்ணு விடாம முடியணும். இன்னொரு தடவை யாருக்காவது பல் பட்டா பதினஞ்சு நிமிஷம் ஓடுற தண்ணியில சோப்பு. மூணு மாசம் ஆனதும் கடுகுக்கும் ரேபிஸ் தடுப்பூசி. பையன் தனியா அந்தக் குச்சியைத் தொடவே கூடாது.

ஆனா மூக்குல தட்டுறதை ஒத்துக்க மாட்டேன். தட்டுற கையைத்தான் அது ஞாபகம் வெச்சுக்கும், தப்பை இல்லை. அப்புறம் கை கிட்ட வந்தாலே கடிக்கும்.

மாடிப்படி:
ரெண்டு பேரும் ஒண்ணை விட்டுட்டீங்க. இது சீக்கிரமே தாயை விட்டுப் பிரிஞ்ச குட்டி. கூடப் பிறந்ததுங்களோட கட்டிப் புரண்டாத்தான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம்னு அளவு தெரியும். ஹெல்சின்கி பல்கலைக்கழகத்துக்காரங்க 2017-ல 5,700-க்கு மேல பூனைங்களைப் பத்தின தகவலை வெச்சு வெளியிட்ட ஆய்வுல, எட்டு வாரத்துக்கு முன்னாடி பிரிஞ்சதுங்ககிட்ட ஆக்ரோஷம் அதிகமா இருந்ததுன்னு வந்தது. இன்னொரு குட்டி கொண்டு வாங்க, அதுவே இதுக்குப் பாடம் நடத்தும்.

வடபழனிவாசி:
ஒரு குட்டிக்கே வீட்டுல சண்டை. வாடகை வீட்டுல ரெண்டாவதா?

மீன்தலை அக்கா:
இதுல நான் வடபழனி தம்பி பக்கம். இரையைக் காக்கிற குட்டிகிட்ட அவசரமா இன்னொண்ணைக் கொண்டு வந்தா அதுங்களுக்குள்ள சண்டையாகும். பழைய சாக்ஸுக்குள்ள துணி அடைச்சு நீளமா ஒண்ணு தைச்சுக் கொடுங்க. கட்டிப்பிடிச்சுப் பின்னங்காலால உதைக்கிறதை அதுகிட்ட வெச்சுக்கட்டும், உங்க கையில வேண்டாம்.

கடுகு வீட்டுக்காரி:
பன்னெண்டு நாள் ஆச்சு. இறகை எடுத்து வெச்சுட்டு துணி வால் கட்டின குச்சிதான் இப்போ. காலையில ஒரு தடவை, விளக்கு வைக்கிற நேரத்துல ஒரு தடவை. முதல் நாலு நாள் கோழியைத் திரும்பிக்கூடப் பார்க்கலை, கட்டிலுக்கு அடியிலயே உறுமிக்கிட்டு இருந்தது. அஞ்சாம் நாள் போட்டுட்டு வந்தது. இப்பவும் உறுமுது, ஆனா ஒரு நிமிஷத்துல விட்டுடுது. யாரையும் கடிக்கலை. அத்தை இன்னும் தொடலை. ஆனா நேத்து சாயந்திரம் கோழித் துணுக்கை வெச்சது அவங்கதான்.

வடபழனிவாசி:
தட்டுற விஷயத்துல என் கருத்து மாறலை. பையன் பக்கத்துல இருக்கும்போது மட்டும் கண்ணை எடுக்காதீங்க. கடுகு அங்கேயே இருக்கட்டும்.