பேசாத பிள்ளை கையில் 'வேண்டாம்' அட்டை: கொடுக்கலாமா?

பாம்பன் சித்தி:
அக்கா மகனுக்கு ஆட்டிசம், பேச்சு இல்லை. வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியை பட அட்டைகள் கொடுத்தார். சோறு, தண்ணி, கக்கூஸ் வரை வீட்டில் பிரச்சினை இல்லை. 'வேண்டாம்', 'வலிக்குது', 'கோபம்' சேர்த்ததும்தான் சண்டை. பேச்சும் வராது, பிடிவாதமும் ஏறும் என்கிறார் மாமா.

வேதாளை அண்ணன்:
மாமா சொல்வது நியாயம்தான். கை காட்டினாலே காரியம் நடந்தால் வாயைத் திறக்க எந்தப் பிள்ளைக்குத் தோன்றும்? பெற்றவளுக்கு முகம் பார்த்தாலே தெரிந்துவிடும்.

கீழக்கரை உம்மா:
2006-ல் மில்லர், லைட், ஸ்லாசர் என்ற ஆய்வாளர்கள் மூவரும், பட அட்டை, சைகை மாதிரி மாற்று வழிகள் கொடுத்தால் பேச்சு என்னவாகிறது என்ற பழைய ஆய்வுகளைத் திரட்டி அலசினார்கள். உறுதியான சான்று இருந்த 27 பேரில் ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை. பெரும்பாலானோருக்குக் கூடியது, ஆனால் அநேகமாகக் கொஞ்சம்தான்.
பெற்றவளுக்குத் தெரியும், சரி. ஊசி போடுகிற நர்சுக்கு? என் மகள் பள்ளி வேனில் ஏறியதும் கத்துவாள். சேட்டை என்றார் டிரைவர். ஒருநாள் 'வேண்டாம்' எடுத்தாள், அடுத்து 'காது'. ஹாரன் சத்தம்! கடைசி சீட்டுக்கு மாற்றினோம், கத்தல் நின்றது.

வேதாளை அண்ணன்:
ஹாரன் என்று சொன்னது அவளா, நீங்களா? மீன்பிடித் தடைக்காலத்தில், படகெல்லாம் கரையில் கிடக்கும்போது, எங்கள் தெருப் பையன் 'அப்பா', 'கடல்' என்று இரண்டு அட்டையை எடுத்து வைத்தான். அப்பனைப் போகச் சொல்கிறான் என்றது ஆச்சி. கூட வரக் கேட்கிறான் என்றது அம்மா. வேலையில்லாத கடுப்பில் இருந்த மனுசன் அட்டையைத் தூக்கி எறிந்தார். பையன் மனசில் என்ன இருந்ததோ!

தேவிபட்டினம் டீச்சர்:
அண்ணே, சரியான இடத்தைப் பிடித்தீர்கள். ஊகித்ததோடு நிறுத்தக் கூடாது. "கடலுக்குப் போகணுமா?" என்று கேட்டு 'ஆமாம்', 'இல்லை', 'வேற' மூன்றையும் நீட்டிவிட்டுக் காத்திருக்கணும். 'வேற' இல்லாவிட்டால் நம் ஊகத்துக்குள்ளேயே பிள்ளை மாட்டிக்கொள்ளும். கையைப் பிடித்து நாம் சுட்டிக்காட்டவும் கூடாது. அப்படி வருவது பிடித்தவரின் பேச்சுதான் என்பதால், அந்த முறையே வேண்டாம் என்று அமெரிக்கப் பேச்சு, செவித்திறன் சங்கம் 2018-ல் சொல்லிவிட்டது.
அப்புறம், "இது என்ன முகம்?" என்று பரீட்சை வைத்தால் பிள்ளை ஓடிவிடும். ஏலத்தில் விலை படியாமல் வரும் அப்பா 'கோபம்' அட்டையைத் தொட்டு, "நண்டுக்கு விலையே இல்லடா, அப்பாவுக்குக் கோபம்" என்று சொல்லட்டும். பெரியவர்கள் தொடாத அட்டையைப் பிள்ளை மட்டும் ஏன் தொடணும்?

வேதாளை அண்ணன்:
மாத்திரைக்கும் 'வேண்டாம்' காட்டினால்?

தேவிபட்டினம் டீச்சர்:
மாத்திரையை விட முடியாது. "வேண்டாம்னு சொல்ற, எனக்குப் புரியுது" என்று சொல்லிவிட்டு, தண்ணியோடவா, தேனோடவா என்று கேளுங்கள். ஆனால் கன்னத்தைக் கிள்ள வரும் உறவுக்காரரிடம் காட்டினால் அங்கே செல்லுபடியாகணும், மாமாவே ஆனாலும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டப்படி, மாற்றுத்திறன் குழந்தையின் வாக்குமூலத்துக்குச் சிறப்பாசிரியரின் உதவியைக் கேட்கலாம். 'தொட்டாங்க' என்ற அட்டையும் உடம்பு உறுப்புப் படமும் இல்லாத பிள்ளை அன்றைக்கு எதைக் காட்டும்?

வேதாளை அண்ணன்:
அதை மறுக்கவில்லை டீச்சர். ஆனால் அட்டை வந்ததும் பேச்சுப் பயிற்சியை நிறுத்திய வீடுகள் இருக்கிறதே. மதுரைக்கு பஸ் செலவு மிச்சம் என்று.

கீழக்கரை உம்மா:
அது அட்டையின் குற்றமா அண்ணே? ரெண்டும் நடக்கணும்.

பாம்பன் சித்தி:
லாத்தா, டீச்சர், மாமா 'வேண்டாம்' அட்டையை மட்டும் எடுத்து பீரோ மேலே வைத்துவிட்டார். புதன்கிழமை சிறப்பாசிரியை வருகிறார், அவர் முன்னாடியே கேட்டுவிடுகிறேன். 'வேற' அட்டைக்கு என்ன படம் போடுவது?