வீட்டுக்குள் முயல் கூண்டு: அடித்தளத்துக்குக் கம்பிவலை சரியா?

பல்லடம் வாசகி:
வணக்கம். மகளுக்காக வாங்கிய இரண்டு முயல்குட்டிகளுக்கு ஹாலிலேயே கூண்டு செய்து வைக்க விரும்புகிறோம். வெல்டிங் பட்டறையில் கேட்டபோது, இரண்டடிக்கு இரண்டடி அளவில், புழுக்கை கீழே தட்டில் விழும்படி அடியிலும் கம்பிவலை வைத்துச் செய்து தருவதாகச் சொல்கிறார்கள். இந்த அளவு போதுமா? வாடை வராமலிருக்க வேறு வழி உண்டா? படுக்கைக்கு விரிக்கப் பனியன் வேஸ்ட் இங்கே தாராளமாகக் கிடைக்கிறது. இரண்டும் பெட்டை என்றுதான் விற்றவர் சொன்னார்.

பெருந்துறை வாசகர்:
அம்மணி, பட்டறைக்காரர் சொல்வது கறிக்கு வளர்க்கும் பண்ணையின் கணக்கு. வீட்டு முயலுக்கு அது ஒத்துவராது. நாய், பூனையைப் போல முயலின் பாதத்தில் மெத்தென்ற சதைப்பற்று கிடையாது, மயிர் மட்டுமே உண்டு என்பதால், நாள் முழுவதும் கம்பிமேல் உட்கார்ந்தால் பின்னங்காலின் அடிப்பகுதியில் மயிர் உதிர்ந்து புண்ணாகும். ஆகவே பக்கங்களுக்கும் மேலுக்கும் மட்டும் வெல்டு மெஷ் போட்டு, அடியில் பலகை வைத்து, அதன்மேல் சாயம் ஏற்றாத கோரைப் பாயை விரியுங்கள். கொறித்தாலும் கெடுதி இல்லை, நைந்துபோனால் மாற்றிக்கொள்ளலாம். பனியன் வேஸ்ட் வேண்டவே வேண்டாம், அதன் நூல் காலில் சுற்றி இறுகும், விழுங்கினால் குடலில் அடைக்கும். நீளம் ஆறடியாவது இருந்தால்தான் மூன்று தாவல் தாவ முடியும். பின்னங்காலில் நிமிர்ந்து நிற்கும்போது காது மேலே இடிக்காத உயரமும் தேவை. சட்டம் மரமானால் வலையை உட்பக்கமாக அடிக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மரத்தைக் கொறித்தே தீர்த்துவிடும்.

வாடை புழுக்கையால் வருவதன்று, மூத்திரத்தால் வருவது. முயல் பெரும்பாலும் ஒரே மூலையில்தான் சிறுநீர் கழிக்கும். அந்த மூலை எது என்று கவனித்து, அங்கே ஒரு பிளாஸ்டிக் தட்டில் செய்தித்தாளைப் போட்டு, மேலே காய்ந்த புல்லைப் பரப்பி, நாள்தோறும் மாற்றினால் போதும். தட்டில் படியும் வெள்ளைக் கறை வினிகர் ஊற்றித் தேய்த்தால் போய்விடும்.

கோபி வாசகர்:
பெருந்துறைக்காரர் சொன்னது அத்தனையும் சரி, ஆனால் நம் ஊர்க் கோடையை அவர் விட்டுவிட்டார். முயலுக்கு வியர்க்காது, உடம்புச் சூட்டைப் பெரும்பாலும் காது வழியாகத்தான் வெளியேற்ற வேண்டும். வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினாலே அதற்குச் சிரமம். சித்திரை, வைகாசியில் தார்சு வீட்டின் உட்புறம் இரவிலும் தணியாமலிருப்பது உங்களுக்கே தெரியும். மேற்குச் சுவரையும் ஃபிரிட்ஜின் பின்புறத்தையும் தவிர்த்துக் காற்றோட்டமான இடத்தில் கூண்டை வையுங்கள். வீடு கட்டியபோது மிஞ்சிய கடப்பாக் கல் துண்டு ஒன்றைக் கூண்டுக்குள் போட்டுவைத்தால், உச்சிவேளையில் முயல் தானாகவே அதன்மேல் வயிறு படியப் படுத்துக்கொள்ளும். மின்வயர் எதுவும் வலைக்கு அருகில் இருக்கக் கூடாது. பக்கத்தில் தறி ஓடுகிறதென்றால் அந்தச் சுவரையும் தவிர்ப்பது நல்லது.

நாமக்கல் வாசகி:
சிறிய குட்டிகளில் ஆண், பெண் கண்டறிவது எளிதன்று. விற்பவர் சொல்லை நம்பிக் கூண்டு அடிக்காதீர்கள். நான்கு மாதம் ஆவதற்குள் கால்நடை மருத்துவரிடம் காட்டி உறுதிசெய்துகொள்ளுங்கள். ஒன்று ஆணாக இருந்துவிட்டால், சினைக்காலம் ஏறத்தாழ 31 நாள்தான், குட்டி போட்ட உடனேயே மறுபடியும் சினைப்பிடிக்கும். ஆறடிக் கூண்டு செய்யும்போதே நடுவில் கழற்றி மாட்டக்கூடிய வலைத் தடுப்பு ஒன்றும், இரு பக்கமும் தனித்தனிக் கதவும் வைக்கச் சொல்லுங்கள். பின்னால் வெட்டி ஒட்டுவதைக் காட்டிலும் செலவு குறைவு. கதவு, கை தோள்வரை நுழையும் அகலத்தில் இருக்கட்டும், மூலையைத் துடைக்க வேண்டியவர் நீங்கள்தானே.

பல்லடம் வாசகி:
மிக்க நன்றி. பட்டறையில் ஆறடிக்கு இரண்டரை அடி, நடுத்தடுப்புடன் என்று சொல்லிவிட்டேன். காய்ந்த கொழுக்கட்டைப் புல் தினமும் கொடுக்கலாமா?

கோபி வாசகர்:
தாராளமாகக் கொடுக்கலாம், பூஞ்சை பிடிக்காததாகப் பார்த்து வாங்குங்கள். இளஞ்சோளப் பயிரை மட்டும் பச்சையாகப் போடாதீர்கள், அதில் மாட்டையே சாய்க்கும் நஞ்சு உண்டு.